பள்ளத்தில் ஓடும் பாட்டு

பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் விலைவாசியைக் கணக்கிட ஒரு பொருள் பட்டியல் வைத்திருக்கிறது. மக்கள் எதற்கெல்லாம் காசு செலவழிக்கிறார்கள் என்று பார்த்து, ஆண்டுதோறும் சில பொருட்களைச் சேர்ப்பார்கள், சிலவற்றை நீக்குவார்கள். 2024 மார்ச்சில் ஏர் ஃபிரையர் உள்ளே வந்தது. கொரோனா காலத்தில் சேர்ந்த சானிடைசர் வெளியேறியது. 1992-க்குப் பிறகு பட்டியலில் இடமே இல்லாதிருந்த ஒரு பொருளும் அப்போது திரும்பி வந்தது: வினைல் இசைத்தட்டு.

2007-இல் பிரிட்டன் முழுவதும் விற்ற எல்.பி. (நீண்டநேரம் பாடும் வினைல்) தட்டுகள் ஏறக்குறைய இரண்டு லட்சம்தான். 2024-இல் 67 லட்சம். விற்பனைத் தொகையில் சி.டி.யை 2022-லேயே வினைல் முந்திவிட்டது. 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. பெரும்பாலோர் இன்றும் அலைபேசியில்தான் பாட்டுக் கேட்கிறார்கள். மாதச் சந்தா கட்டினால் உலகத்துப் பாட்டெல்லாம் கைக்குள் வந்துவிடுகிறது. அப்படியிருந்தும் 25, 30 பவுண்டு கொடுத்து, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து திருப்பிப் போட வேண்டிய ஒரு தட்டை வாங்கக் கடைவீதிக்கு வருகிறார்கள். அந்தத் தட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால், இந்த ஈர்ப்பின் காரணம் ஓரளவு பிடிபடும்.

தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம். வெளி விளிம்பில் தொடங்கிச் சுருள் சுருளாக உள்ளே போகும் அது, நீட்டி விரித்தால் நானூறு மீட்டருக்கு மேல் வரும். அகலம் சுமார் 0.05 மில்லிமீட்டர். பள்ளத்தின் சுவர்கள் நேராக இல்லை. ஒலியலை எப்படி அசைந்ததோ அப்படியே வளைந்து நெளிந்திருக்கின்றன. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டு சுழலும்போது, வைர முனை கொண்ட ஊசி அந்த நெளிவுகளைத் தொட்டு அசைகிறது. ஊசிக்கு மேலே சின்னக் காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கின்றன. ஊசியின் அசைவு அங்கே சில மில்லிவோல்ட் மின்சாரமாகிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் பாட்டு. எண்ணாக மாற்றுவதும் திரும்ப ஒலியாக்குவதும் இதில் கிடையாது. பாடகர் மூச்சு விட்ட இடத்தில் பிளாஸ்டிக்கில் ஒரு வளைவு இருக்கிறது.

இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி தரும் ஸ்டீரியோ இந்த ஒற்றைப் பள்ளத்தில் எப்படி அடங்குகிறது என்பதுதான் இதில் ஆகப் பெரிய வியப்பு. பள்ளம் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் இருக்கும். தட்டின் மையத்துக்கு அருகிலுள்ள சுவரில் இடப்பக்க ஒலி, விளிம்புக்கு அருகிலுள்ள சுவரில் வலப்பக்க ஒலி. இரண்டு சுவர்களும் செங்கோணத்தில் இருப்பதால் ஒன்றின் அசைவு மற்றொன்றைக் கெடுப்பதில்லை. இந்த வழியை 1931 டிசம்பரில் காப்புரிமைக்காக எழுதிக் கொடுத்தவர் ஆலன் புளூம்லைன், லண்டன் இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர். அப்போது அவருக்கு வயது 28. 1942-இல் போர் விமானத்தில் ரேடார் கருவியைச் சோதிக்கும்போது விமானம் விழுந்து இறந்துபோனார். ஸ்டீரியோ எல்.பி.க்கள் விற்பனைக்கு வந்தது 1950-களின் கடைசியில். அவர் அதைப் பார்க்கவில்லை.

தட்டுக்குக் குறைகளும் உண்டு. அவை இசையையே வடிவமைத்திருக்கின்றன. தாழ்ந்த சுருதி ஒலிகள் பள்ளத்தை அகலமாக அலைய வைக்கும். அப்படியே வெட்டினால் பக்கத்துப் பள்ளத்தில் இடித்துவிடும். அதனால் வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டி வெட்டுகிறார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபையர் அதைத் தலைகீழாகச் சரிசெய்கிறது. 1950-களின் நடுவில் நிறுவனங்கள் ஒரே அளவுக்கு ஒப்புக்கொண்டன. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. இன்னொரு சிக்கல் வேகம். தட்டின் ஓரத்தில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்கு அரை மீட்டர் ஓடுகிறது. மையத்தை நெருங்கும்போது அது சுமார் இருபது சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே ஒரு நொடி இசை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதப்படுகிறது. கூர்மையான உச்ச ஒலிகள் அங்கே சிதறும். பழைய ஆல்பங்கள் பலவற்றில் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டும் மெதுவான, அமைதியான பாட்டாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வினைலுக்கு முந்தைய தட்டுகள் அரக்கால் ஆனவை. இந்தியக் காடுகளில் மரக்கிளைகளை மொய்க்கும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. கல்கத்தாவிலிருந்து கப்பலேறி உலகத்தின் பாட்டையெல்லாம் சுமந்தது. நம் வீடுகளில் கிராமபோன் பெட்டிக்கு அருகே அடுக்கியிருந்த நாய் மார்க் எச்.எம்.வி. தட்டுகளும் அதே அரக்குதான். 78 சுற்று வேகத்தில் மூன்று, நான்கு நிமிடம் பாடும், கைதவறினால் உடையும். இரண்டாம் உலகப்போரில் அரக்கு வரத்து தடைப்பட்டதும், அமெரிக்கா தன் சிப்பாய்களுக்கு வினைலில் தட்டுப் போட்டு அனுப்பியது. 1948 ஜூன் மாதம் கொலம்பியா நிறுவனம் நியூயார்க்கில் எல்.பி. தட்டை அறிமுகப்படுத்தியது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல், அதுவும் உடையாத பொருளில். ஒரு சிம்பொனியை ஒரே தட்டில் கேட்பது எளிதானது.

இன்று ஒரு தட்டு பிறக்கும் விதம் அப்போதிருந்து அதிகம் மாறவில்லை. அலுமினியத் தகட்டின்மேல் லாக்கர் பூசி, சூடேற்றிய ஊசியால் அதில் பள்ளத்தை வெட்டுகிறார்கள். வெட்டுபவர் பெயர்பெற்ற கலைஞராக இருப்பதுண்டு. லண்டனின் ஜார்ஜ் பெக்கம் தான் வெட்டிய தட்டுகளின் மையத்தருகே ‘போர்க்கி’ என்ற தன் பட்டப்பெயரைக் கீறி வைப்பார். தட்டை வெளிச்சத்தில் சாய்த்து அந்தக் கீறலைத் தேடும் ரசிகர்கள் இப்போதும் இருக்கிறார்கள். வெட்டிய லாக்கர்மேல் வெள்ளியைத் தெளித்து, நிக்கல் முலாம் ஏற்றி, உரித்தெடுத்தால் பள்ளம் இருந்த இடத்தில் மேடு. அதிலிருந்து அச்சுத்தகடு. இரண்டு அச்சுத்தகடுகளுக்கு நடுவே சூடான பி.வி.சி. உருண்டையை வைத்துப் பல டன் எடையில் அழுத்தி, தண்ணீரால் குளிரவைத்து எடுக்கிறார்கள். அரை நிமிட வேலை.

இந்தத் தொழில் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது 2020 பிப்ரவரி 6 அன்று தெரிந்தது. லாக்கர் தகடு செய்யும் ஆலைகள் அன்று உலகத்தில் இரண்டே இருந்தன. அவற்றில் ஒன்றான கலிஃபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ் எரிந்து சாம்பலானது. மிஞ்சியது ஜப்பானில் ஒன்று. அடுத்து வந்த கோவிட் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் தட்டு வாங்கத் தொடங்க, ஆலைகளில் வரிசை நீண்டது. சிறிய இசைக்குழுக்கள் தங்கள் தட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தன. செக் நாட்டின் லொடெனிட்சே ஊரில் 1951-இல் தொடங்கிய ஜி.இசட். மீடியா ஆலை, வினைல் செத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னபோதும் தன் பழைய இயந்திரங்களைக் காயலான் கடைக்கு அனுப்பவில்லை. இன்று உலகத்திலேயே அதிகம் தட்டு அச்சடிப்பது அதுதான்.

இனி கடைகள். வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் 1894-இல் தொடங்கிய ஸ்பில்லர்ஸ், உலகத்தின் மிகப் பழைய ரெக்கார்டு கடை எனப் பெயர் பெற்றது. லண்டன் ஆக்ஸ்போர்டு வீதி 363-ஆம் எண்ணில் 1921 ஜூலையில் எச்.எம்.வி. கடையைத் திறந்து வைத்தவர் இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர். 1962-இல் பீட்டில்ஸ் குழுவின் மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் அவர்களுடைய ஒலிநாடாவை அந்தக் கடைக்குத்தான் கொண்டுவந்து தட்டாக வெட்டித் தரச் சொன்னார். டெக்கா நிறுவனம் அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தது. எப்ஸ்டைனும் லிவர்பூலில் ரெக்கார்டு கடை நடத்தியவர். தட்டை வெட்டியவருக்குப் பாட்டு பிடித்துப்போய், மாடியிலிருந்த இசைப் பதிப்பாளரிடம் அழைத்துப்போனார். அந்தத் தொடர்பு வழியாக, பின்னாளில் அவர்களுடைய இசைத் தயாரிப்பாளரான ஜார்ஜ் மார்ட்டினிடம் போய்ச் சேர்ந்தார்கள். கல்லாப்பெட்டிக்கு அப்பால் ஒரு கடை என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

மேற்கு லண்டனில் 1976-இல் ஜெஃப் டிராவிஸ் தொடங்கிய ரஃப் டிரேடும் அப்படித்தான். பங்க் இசைக்குழுக்கள் கூடும் இடமாக இருந்த கடை, இரண்டே ஆண்டில் தானே தட்டு வெளியிடும் நிறுவனமானது.

பிறகு கெட்ட காலம். இணையமும் பல்பொருள் அங்காடிகளும் விலையில் அடித்தன. வுல்வொர்த்ஸ், ஸாவி கடைகள் 2009-க்குள் மறைந்தன. எச்.எம்.வி. 2013-லும் 2018 கடைசியிலும் திவால் நடவடிக்கைக்குப் போனது. சிறு கடைகள் கொத்துக் கொத்தாக மூடின. அந்தக் காலகட்டத்தில்தான் அமெரிக்காவின் தனிக் கடைக்காரர்கள் சிலர் கூடி, 2008 ஏப்ரல் 19-இல் முதல் ‘ரெக்கார்டு ஸ்டோர் டே’யை நடத்தினார்கள். அன்று வெளியாகும் சிறப்புத் தட்டுகள் இணையத்தில் முதலில் கிடைக்காது. கடைக்கு நேரில் வரவேண்டும். பிரிட்டனும் சேர்ந்துகொண்டது. விடியுமுன்னே வாசலில் வரிசை நிற்கத் தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் பழைய ஆல்பங்களைக் கொட்டி அச்சு ஆலைகளை அடைத்துவிடுகின்றன என்ற சின்னக் கம்பெனிகளின் புகார் நியாயமானது. ஆனாலும் அந்த ஒரு நாள் வசூலில் மூச்சு விட்ட கடைகள் உண்டு.

தப்பிய கடைகள் தட்டை மட்டும் நம்பியிருக்கவில்லை. மற்றவர்கள் மூடிக்கொண்டிருந்த 2007-இல் ரஃப் டிரேட் கிழக்கு லண்டனில் பெரிய கடை திறந்து, உள்ளேயே மேடை போட்டது. லண்டனின் கிங்ஸ்டன் பகுதியில் உள்ள பேங்க்வெட் ரெக்கார்ட்ஸ் கடை, புதுத் தட்டு வாங்கினால் அதே குழுவின் கச்சேரிக்கு டிக்கெட் என்ற முறையை வழக்கமாக்கியது. கனடாவின் சன்ரைஸ் ரெக்கார்ட்ஸ் 2019-இல் எச்.எம்.வி.யை வாங்கி வினைல் அலமாரிகளைப் பெருக்கியது. சில காலம் இனிப்புக் கடையாகிக் கிடந்த 363-ஆம் எண் கட்டடத்தில் 2023 நவம்பரில் அந்தப் பெயர்ப்பலகை மீண்டும் ஏறியது.

அமெரிக்காவில் தட்டு வாங்குவோரில் பாதிப் பேரிடம்தான் அதைப் போட்டுக் கேட்கும் பிளேயர் இருக்கிறது என்று 2023-இல் இசை விற்பனையைக் கணக்கெடுக்கும் லூமினேட் நிறுவனம் கணக்குச் சொன்னது. இதை வீண் மோகம் என்று தள்ளிவிட முடியாது. பன்னிரண்டு அங்குல அட்டையில் அச்சான ஓவியம், உள்ளுறையில் பாடல் வரிகள், வாசித்தவர்கள் எல்லோருடைய பெயர்கள் என்று தனக்குப் பிடித்த கலைஞரின் உழைப்பைக் கையில் வைத்திருக்கும் ஆசை உண்மையானது. பிளேயர் பிறகு வரும்.

உண்மையான கவலை விலையும் பொருளும்தான். 30 பவுண்டு ஒரு மாணவருக்குச் சிறிய தொகையல்ல. பி.வி.சி.யும் மண்ணுக்கு நல்லதல்ல. 2024 அக்டோபரில் கோல்டுபிளே குழு ஒரு புது வழியைக் காட்டியது. ஜெர்மனியின் சோனோபிரஸ் ஆலை, 140 கிராம் தட்டு ஒன்றுக்கு ஒன்பது பிளாஸ்டிக் பாட்டில்கள் என்ற கணக்கில் மறுசுழற்சி செய்து அவர்களுடைய ‘மூன் மியூசிக்’ ஆல்பத்தை எல்.பி.யாகத் தயாரித்தது. உருக்கிய பாட்டில் பிளாஸ்டிக்கை அச்சுக்குள் பீய்ச்சுகிறார்கள். பழைய முறையில் கொதிகலன் தரும் நீராவி இதற்குத் தேவையில்லை. வடிவம் பழையதேதான் என்பதால் எந்த டர்ன்டேபிளிலும் ஓடுகிறது.