பட்டம் ஓரிடம், பதிவு வேறிடம்: குழந்தை மருத்துவ நர்ஸுகளின் நிலை

கிழக்கேகோட்டையைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களில், பெண்ணை நர்ஸ் தொழிலுக்கு அனுப்புவதென்றால் தயங்கி நின்ற காலம் ஒன்றிருந்தது. சாலைக் கடைத்தெருவில் வியாபாரம், கோட்டைக்குள் கோயில் ஊழியம், சர்க்கார் காரியாலயத்தில் குமாஸ்தா வேலை, பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் பதவி என்று வாழ்ந்த நம்மவர்க்கு, இரவு வேளையில் ஆஸ்பத்திரிக் கடமை என்பது பழக்கமில்லாத ஒன்று. அத்தயக்கம் இப்போது பெரும்பாலும் நீங்கிவிட்டது. அதன் இடத்தில் வேறொரு மயக்கம் வந்து புகுந்திருக்கிறது. நான்காண்டுப் பட்டம் பெற்றுவிட்டால் பாதை முழுவதும் திறந்துவிடும் என்று பெற்றோர் எண்ணுகின்றனர். பட்டம் தருவது பல்கலைக்கழகம்; வேலை செய்யும் உரிமையைத் தருவது பதிவேடு. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை உணராமல் கடன் வாங்கியவர்கள் படும் பாட்டை முன்னிட்டே இதை எழுதுகிறோம். சிறப்பாக, குழந்தை மருத்துவத்தில் மேற்படிப்பை நாடும் பெண்களின் நிலையை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

குழந்தைகளைப் பேணும் நர்ஸின் வேலை மற்ற வார்டுகளில் செய்யும் வேலையின் சிறிய அளவு அன்று. பிறந்து சில தினங்களே ஆன சிசுவின் கையில் நூலிழை போன்ற நரம்பைக் கண்டு ஊசி ஏற்ற வேண்டும். மருந்தின் அளவை உடல் எடைக்குத் தக்கபடி ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். நோயாளியோ தனக்கு எங்கே வலிக்கிறதென்று சொல்லத் தெரியாதவர். மூச்சு வாங்கும் விதத்தையும் அழுகையின் தன்மையையும் கொண்டே நிலைமையை அறிய வேண்டும். அருகில் கலங்கி நிற்கும் தாய்க்கு அவள் மொழியிலேயே ஆறுதல் சொல்லவும் வேண்டும். நம் ஊர்ப் பெண்களுக்கு மலையாளமும் தமிழும் ஒருங்கே வருவது இவ்விடத்தில் பெரிய மூலதனம். குமரி மாவட்டத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு ஓடிவரும் தாய்மார் அதை நன்கறிவர்.

இத்திறமைக்குத் தனிப் பெயரும் தனி உரிமையும் முதலில் கிடைத்த இடம் அமெரிக்கா. 1965ஆம் ஆண்டில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்னும் நர்ஸும், ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் சேர்ந்து ஒரு பயிற்சியைத் தொடங்கினர். நாட்டுப்புறங்களில் குழந்தைகளைப் பார்க்க டாக்டர்கள் போதவில்லை. பொது சுகாதார நர்ஸுக்குக் கூடுதல் பயிற்சி அளித்தால், குழந்தையைப் பரிசோதித்து, வளர்ச்சியைக் கணித்து, சாதாரண நோய்களைக் கவனித்து, அபாயமானவற்றை டாக்டரிடம் அனுப்ப அவரால் இயலும் என்பது அவர்கள் கொள்கை. டாக்டர்கள் சிலர் எதிர்த்ததில் வியப்பில்லை; நர்ஸிங் பேராசிரியைகளிலேயே சிலர் எதிர்த்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ஃபோர்டு அம்மையார் 104 வயது வரை வாழ்ந்து 2025இல் மறைந்தார். அவர் தொடங்கி வைத்த ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ பதவி இன்று அந்நாடெங்கும் பரவி நிற்கிறது.

எனினும் அங்கேயும் பட்டம் பெற்ற மறுநாளே குழந்தைகளைப் பார்க்க உட்கார்ந்துவிட முடியாது. முதலில் சாதாரண நர்ஸாகப் பதிவு வேண்டும். அதன் மேல் முதுநிலைப் படிப்பு. பின்னர் 1975இல் நிறுவப்பட்ட குழந்தை நர்ஸிங் சான்றளிப்பு வாரியம் போன்ற தேசிய அமைப்பின் பரீட்சை. அதன் பிறகு மாநில வாரியத்தின் லைசென்ஸ், மருந்து எழுதிக் கொடுக்கும் அதிகாரம், கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளுக்காக மத்திய சர்க்காரிடம் தனிப் பதிவு, ஆஸ்பத்திரியின் சொந்தச் சரிபார்ப்பு என்று வரிசை நீளும். சில மாநிலங்களில் அவர் சுயேச்சையாகத் தொழில் செய்யலாம்; வேறு சிலவற்றில் ஒரு டாக்டரோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி அவர் கையெழுத்துச் செல்லாது. ஒரே பட்டம், ஒரே நாடு. எல்லை கடந்தால் அதிகாரம் சுருங்குகிறது.

எல்லை கடந்தால் உரிமை மாறும் அனுபவம் நமக்குப் புதிதா? 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரிப் பகுதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதுவரை நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யத்தின் இரண்டு ஊர்கள். சென்னையில் நர்ஸுகளுக்கான சட்டம் 1926லேயே ஏற்பட்டது; திருவிதாங்கூர்-கொச்சியில் 1953இல் இயற்றப்பட்டது. எல்லை வகுத்த பிறகு, நாகர்கோவிலில் பயின்ற பெண்ணின் பெயர் சென்னைப் பதிவேட்டிலும், இங்கே பயின்றவளின் பெயர் கேரளப் பதிவேட்டிலும் ஏறலாயிற்று. இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் சில மணி நேரமே ஆகும். கொள்வினை கொடுப்பினையோ இன்றும் இரு பக்கமும் நடந்துகொண்டேயிருக்கிறது. அங்கே படித்து இங்கே வாழ்க்கைப்படும் பெண்தான் இரண்டு பதிவேடுகளுக்கும் இடையே அகப்பட்டுக்கொள்கிறாள்.

ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். 1947ஆம் ஆண்டின் இந்திய நர்ஸிங் கௌன்சில் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட தகுதி எந்த மாநிலப் பதிவேட்டில் சேரவும் போதுமானது என்று வகுத்தது. ஆகவே தமிழ்நாட்டுப் பட்டம் இங்கே செல்லாது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. ஆனால் தகுதி இருப்பது வேறு, பெயர் பதிவாகியிருப்பது வேறு. முதலில் பதிவு செய்த கௌன்சில் உறுதிச் சான்று அனுப்ப வேண்டும். அதைக் கொண்டு இங்குள்ள கௌன்சில் தன் பதிவேட்டில் பெயரைச் சேர்க்கும். கேரள நர்ஸுகள் மற்றும் மருத்துவச்சிகள் கௌன்சிலின் காரியாலயம் ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு அருகே ரெட் கிராஸ் ரோட்டில் உள்ளது. கோட்டையிலிருந்து வெகு தூரமில்லை. கேரள பப்ளிக் சர்வீஸ் கமிஷன் நடத்தும் நர்ஸ் தேர்வுக்குக் கேரளப் பதிவும், 2012இல் தமிழ்நாட்டில் ஏற்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்துக்குத் தமிழ்நாட்டுப் பதிவும் கேட்கப்படும். விண்ணப்பத்தின் கடைசித் தேதி நெருங்கிய பிறகு பதிவை மாற்ற ஓடுவது பயனற்ற ஓட்டம். நிச்சயதார்த்தம் முடிந்த மாதமே அந்த விண்ணப்பத்தையும் போட்டுவிடலாம்.

இனி மேற்படிப்புக்கு வருவோம். நம் நாட்டில் குழந்தை நல நர்ஸிங்கில் முதுநிலைப் பட்டம் உண்டு. பச்சிளங்குழந்தைப் பராமரிப்பில் ஓராண்டு டிப்ளமாவும் உண்டு. ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ என்ற பெயரில் இந்திய நர்ஸிங் கௌன்சில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஈராண்டுப் படிப்பை 2016 அளவில் வகுத்தது. மகப்பேற்றுத் துறைக்கு அத்தகைய பதவியை மத்திய சர்க்கார் 2018இல் அறிவித்தது. குழந்தைகளுக்கென்று தனியே அப்பெயரில் ஒரு பதவி பதிவேட்டில் இல்லை. 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை நர்ஸ் பிராக்டிஷனர் என்னும் வகுப்பை உண்டாக்க வேண்டுமென்று கூறுகிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக ஒரு தேசிய ஆணையத்தை ஏற்படுத்தும் சட்டமும் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. கொள்கையும் சட்டமும் இவ்வளவு தூரம் வந்துவிட்டன. வார்டில் நிற்கும் பெண்ணின் நிலையோ அப்படியே இருக்கிறது. மருந்துச் சீட்டு எழுதுவது பதிவு பெற்ற டாக்டரின் உரிமை. எத்தனை ஆண்டு அனுபவமிருந்தாலும் நர்ஸுக்கு அது இல்லை.

இதனால் விளையும் நஷ்டம் இன்னதென்று பாருங்கள். ஒரு பெண் அமெரிக்காவில் குழந்தை நர்ஸ் பிராக்டிஷனராகி, பத்தாண்டு தொழில் செய்து, பெற்றோர் தள்ளாமையடைந்த காரணத்தால் கோட்டையிலுள்ள வீட்டுக்குத் திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே காதுவலிக்கும் இருமலுக்கும் தானே மருந்து எழுதியவள், இங்கே மீண்டும் சாதாரண நர்ஸ்; அல்லது கல்லூரியில் ஆசிரியை. இளம்பிராயத்தில் மறைந்த அவிட்டம் திருநாள் இளவரசரின் நினைவாக 1952இல் எழுந்த எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்கு மெடிக்கல் காலேஜ் பஸ்ஸில் செல்லும் தாய்மாரின் கூட்டத்தைக் கண்டவர்கள், இத்தகைய ஒருத்தியின் அறிவு பயன்படாமற் போவதை எப்படிப் பொறுப்பார்கள்? டாக்டருக்குப் போட்டியாக ஒருவரை வைக்கச் சொல்லவில்லை. ஆரோக்கியமான குழந்தைக்குத் தடுப்பூசியும் எடைக் கணக்கும் உணவு யோசனையும் தர, தக்க பயிற்சி பெற்ற நர்ஸுக்குப் பதிவேட்டில் ஒரு தனி இடம் ஒதுக்கினால் டாக்டரின் நேரமும் மிச்சப்படும் என்பதே நமது அபிப்பிராயம்.

வெளிநாடு செல்ல எண்ணுவோர் அறிய வேண்டியது வேறு. இங்கிலாந்தின் நர்ஸிங் பதிவேட்டில் பெரியோர், குழந்தைகள், மனநோய், கற்றல் குறைபாடு என நான்கு துறைகள் தனித்தனியே உள்ளன. நம் நாட்டுப் பட்டமோ பொதுப் பட்டம். ஆதலால் இங்கே குழந்தை வார்டிலேயே பல்லாண்டு கழித்தவர்களும் அங்கே பெரும்பாலும் பெரியோர் நர்ஸாகவே பதிவாகிறார்கள். குழந்தை நர்ஸ் என்று பெயர் பதிய வேண்டுமானால், அத்துறைக்கான தகுதித் தேர்வை எழுதும் தகுதி தமக்குண்டா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னரே விசாரிக்க வேண்டும். ஆங்கிலத் தேர்வும் உண்டு, ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையில் எழுத்துப் பகுதிக்கு 6.5, மற்றவற்றுக்கு 7 என்பது அங்கு கேட்கும் அளவு. அமெரிக்கா செல்வோர்க்கு என்க்ளெக்ஸ் என்னும் பரீட்சை. அந்தப் பரீட்சையில் தேறியவர் அங்கு நர்ஸ் மட்டுமே. பிராக்டிஷனர் ஆவதற்கு அந்நாட்டு முதுநிலைப் படிப்பு மேலும் தேவை. இந்த வேறுபாட்டைத் தரகர்கள் சொல்வதேயில்லை.

இவை எல்லாவற்றையும்விட நம்மவரை அதிகம் அலைக்கழிப்பது நம் பெயர்தான். தமிழ்நாட்டுப் பள்ளியில் ‘எஸ். மீனாட்சி’, திருவனந்தபுரத்துப் பள்ளியில் ‘மீனாட்சி எஸ்.’, பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் விரிந்து ‘மீனாட்சி சுப்பிரமணியம்’, விவாகத்துக்குப் பின் கணவர் பெயரோடு இன்னொரு வடிவம். குடும்பப் பெயர் என்று நமக்கு ஒன்றில்லை. வெளிநாட்டு விண்ணப்பமோ அதைத்தான் முதலில் கேட்கிறது. தமிழ்ச்செல்வி என்றால் ஆங்கிலத்தில் ழகரத்துக்கு ஒரு குமாஸ்தா ஓர் எழுத்துப் போடுவார், மற்றொருவர் இரண்டு போடுவார். வீட்டில் இவை யாவும் ஒருத்தியே. பதிவேட்டுக்கு நான்கு பெண்கள். இருவரும் ஒருவரே என்று வருவாய்த் துறையினர் தரும் சான்று உள்ளூரில் உதவும்; வெளிநாட்டு வாரியம் அதை ஏற்கும் என்ற உறுதியில்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டிலும் கல்லூரியிலும் கௌன்சிலிலும் கொடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. மாற்றம் அவசியமாயின் அரசிதழில் வெளியிட்டு, படிப்பு முடியுமுன்பே அதைச் செய்வது நலம். இரு மாநிலங்களில் பதிந்தவர்கள், வெளிநாட்டு வாரியம் இரு கௌன்சில்களிடமிருந்தும் உறுதிச் சான்று கேட்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

பணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நர்ஸுகளை ஏமாற்றிய புகார்கள் மலிந்ததால், வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு நர்ஸுகளை அனுப்புவதை 2015இல் மத்திய சர்க்கார் அரசு ஸ்தாபனங்களின் வழியாக்கிற்று. தைக்காட்டிலுள்ள நோர்க்கா ரூட்ஸும், கேரள சர்க்காரின் ஒடெபெக்கும், சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அத்தகையவை. மற்ற நாடுகளுக்கு ஆளெடுக்கும் பதிவு பெற்ற ஏஜெண்டும் சட்டப்படி வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும் மட்டுமே. லட்சக்கணக்கில் கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், மனிதர் மறைந்துவிடுவார். உள்ளூரில் இருப்போர்க்கும் நிலைமை சற்றே மாறியிருக்கிறது. 2016இல் சுப்ரீம் கோர்ட்டு தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகளின் சம்பளத்தை ஆராயப் பணித்தது. நர்ஸுகள் நெடுநாள் நடத்திய கிளர்ச்சிக்குப் பின் கேரள சர்க்கார் 2018இல் சிறிய ஆஸ்பத்திரிகளுக்கும் 20,000 ரூபாயைக் குறைந்தபட்சச் சம்பளமாக நிர்ணயித்தது. வேலைக்குச் சேரும்போது அசல் சர்டிபிகேட்டுகளைப் பிடித்து வைக்கும் வழக்கம் எங்கேனும் தலைகாட்டினால் இணங்க வேண்டாம். நகல்களைக் கொடுத்து அசலைக் காட்டித் திரும்பப் பெறுவதே முறை.

விவாகமாகிக் குழந்தை பெற்று, சில ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்ட சகோதரிகள் பலர் நம்மிடையே உண்டு. அவர்கள் தங்கள் பதிவுச் சான்றைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தேதியைப் பார்க்கட்டும். ஐந்தாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர் கல்வி வகுப்புகளில் கலந்துகொண்ட 150 மணி நேரத்துக்குச் சான்று வேண்டும் என்பது இந்திய நர்ஸிங் கௌன்சில் வகுத்த அளவு. வேலையில் இல்லாத காலத்திலும் அவ்வகுப்புகளுக்குச் செல்லலாம். பல வகுப்புகள் இணையவழியிலும் நடைபெறுகின்றன.