ஓடாத காருக்கு ஏன் அதிக விலை?

பழைய ஜெர்மன் செடான்களின் சந்தையில் குறைந்த கிலோமீட்டருக்குத் தனி மவுசு. ஆனால் மீட்டரை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பவர் ஏமாறக்கூடும்.

விளம்பரம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மெர்சிடிஸ் பென்ஸ் 240 டி, 1982 மாடல், ஒரே உரிமையாளர், முழுவதும் புதுப்பிக்கப்பட்டது, ஓடியது 60,000 கிலோமீட்டர் மட்டுமே. கூடவே ஒரு படம்: தந்த நிற செடான், முகம் பார்க்கலாம் போல மின்னும் குரோமிய பம்பர், மூக்கின் மேல் நிமிர்ந்து நிற்கும் மூன்று முனை நட்சத்திரம். பழைய கார் பிரியருக்குக் கை துறுதுறுக்கும். சற்று நிதானித்தால் ஒரு கேள்வி எழும். வெறும் 60,000 கிலோமீட்டர் ஓடிய பென்ஸை எதற்காக முழுவதும் புதுப்பிக்க வேண்டும்?

இதற்கு இரண்டே விடைகள்தான். ஒன்று, கார் ஓடாமல் கிடந்தே கெட்டுப்போயிருக்கிறது. இல்லையென்றால் மீட்டர் பொய் சொல்கிறது.

இந்த வரிசைக்கு நிறுவனம் வைத்த உள்பெயர் டபிள்யூ 123. 1976 ஜனவரியில் அறிமுகமாகி 1986 வரை பத்து ஆண்டுகள் உற்பத்தியில் இருந்தது. செடான், கூபே, எஸ்டேட் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 27 லட்சம் கார்கள். தொடக்க காலத்தில் பதிவு செய்துவிட்டு நீண்ட நாள் காத்திருக்க வேண்டியிருந்ததால், சில மாதங்களே ஓடிய பழைய கார்கள் புதுக் காரின் விலைக்கே கைமாறின.

இத்தனைக்கும் 240 டி வேகத்துக்குப் பேர்போனதல்ல. நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினின் சக்தி முதலில் 65 குதிரைத்திறன், 1978-க்குப் பிறகு 72. இன்றைய சின்னக் கார்கள் பலவும் இதை எளிதாக முந்திவிடும். ஆனால் சலிக்காமல் ஓடும். அதனால்தான் ஜெர்மனியின் டாக்ஸி நிறுத்தங்களை இது ஆக்கிரமித்தது. பகலும் இரவும் ஷிப்ட் போட்டு ஓட்டுவதற்கென்றே பிறந்த கார் இது. அப்படிப்பட்ட காருக்கு, ஓடவே இல்லை என்பது இன்று பெருமையாகச் சொல்லப்படுகிறது.

கிடந்தால் கெடும்

நின்ற கார் புதுக் காராகவே இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. மெக்கானிக்குகள் இதை ஏற்பதில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. காலிபர் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. ரப்பர் குழாய்களும் சீல்களும் வெடிக்கின்றன. டயரின் பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கல்லாகிவிடுகிறது. டாங்க்கில் தேங்கிய டீசலில் கசடு படிகிறது.

இந்தக் காருக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. பிற்கால 240 டி-க்களில் சாவியைத் திருப்பும்போது இன்ஜினை நிறுத்துவது வெற்றிட விசை. கதவுகளை ஒருசேரப் பூட்டும் சென்ட்ரல் லாக்கும் அதே விசையில்தான் இயங்குகிறது. மெல்லிய குழாய்களில் எங்காவது கசிவு இருந்தால், சாவியை உருவிய பிறகும் இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வாங்க வந்தவர் செய்யக்கூடிய மிக மலிவான சோதனை இது: சாவியை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலான எதிரி துரு. முன் மட்கார்டின் உட்புறம், ஜாக்கி வைக்கும் இடங்கள், பின் சக்கர வளைவு, பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு, ஸ்டெப்னி படுத்திருக்கும் குழி - துரு குடியேறும் இடங்கள் இவை. டிங்கரிங் செய்து, பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்துவிட்டால் படத்தில் எதுவும் தெரியாது. பெயின்டின் தடிமனை அளக்கும் சிறு கருவி மாற்றிச் சொல்லும். தொழிற்சாலைப் பெயின்ட் பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஓரிடத்தில் அதைப்போல் பல மடங்கு காட்டினால், அங்கே உலோகத்துக்குப் பதில் பட்டி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

மீட்டரும் சாட்சிகளும்

பழைய காரின் மீட்டர் வெறும் பல்சக்கர எந்திரம். அதைப் பின்னோக்கித் திருப்ப எந்தக் கணினியும் தேவையில்லை. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் ஐந்து இலக்கங்களே இருந்ததால், ஒரு லட்சத்தைத் தாண்டியதும் மீட்டர் தானாகவே பூஜ்யத்துக்கு வந்துவிடும். அப்போது 60,000 என்பது 1,60,000 ஆகவும் இருக்கலாம். 2,60,000 ஆகவும் இருக்கலாம். மீட்டர் மோசடியை ஜெர்மனி 2005-இல் தனிக் குற்றமாக்கியது. ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஆனால் அதற்கு முன் இருபது ஆண்டுகள் ஓடி முடித்த காரின் கதையை இந்தச் சட்டம் திருத்தி எழுதிவிட முடியாது.

எனவே விஷயம் தெரிந்தவர்கள் மீட்டரைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். முதலில் காகிதங்கள். ஜெர்மனியில் கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயத் தகுதிச் சோதனை உண்டு. அதன் அறிக்கைகள், சர்வீஸ் புத்தகத்தில் விழுந்த முத்திரைகள், ஒர்க்‌ஷாப் ரசீதுகள் ஆகியவற்றில் உள்ள கிலோமீட்டர் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு சீராக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். சேஸிஸ் எண்ணை வைத்து, தொழிற்சாலையிலிருந்து அந்தக் கார் என்ன நிறத்தில், என்னென்ன வசதிகளோடு வெளியேறியது என்பதை அதன் விவர அட்டையில் சரிபார்க்கலாம். அட்டையில் நீலம், எதிரே நிற்பது தந்த நிறம் என்றால், விற்பவர் விளக்கம் சொல்ல வேண்டும்.

பிறகு காரே சாட்சி சொல்லும். பிரேக் பெடலின் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருக்கிறதா? ஓட்டுநர் இருக்கை ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறதா? ஸ்டீயரிங்கின் சொரசொரப்பு மறைந்துவிட்டதா? அறுபதாயிரம் கிலோமீட்டரில் இத்தனையும் நேராது. மூன்றும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகம் நல்லதே. அவற்றை மாற்றிய ரசீது எங்கே என்று கேட்கலாம்.

கிலோமீட்டரைவிட நிலைமைக்கே மதிப்பு என்பதற்கு ஜெர்மன் நடைமுறையே சான்று. அங்கே பழைய கார்களை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்றால் குறையே இல்லாதது. 5 என்றால் ஓட்டை உடைசல். 1997-இல் வந்த எச் நம்பர் பிளேட் திட்டப்படி, குறைந்தது 30 ஆண்டு ஆன, நன்கு பராமரிக்கப்பட்ட, பெரிதும் அசல் நிலையில் உள்ள காரைப் பண்பாட்டுச் சொத்தாகக் கருதுகிறார்கள். ஆண்டு வரி சுமார் 191 யூரோ மட்டும். புகைக் கட்டுப்பாட்டு மண்டலங்களுக்குள்ளும் நுழையலாம். நிபுணர் ஆராய்வது அசல்தன்மையையும் பராமரிப்பையும். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது தகுதிக்கான நிபந்தனை அல்ல.

இந்தியாவில் நடுவயதுச் சிக்கல்

இந்தியாவுக்கும் இந்தக் காருக்கும் உறவு உண்டு, எதிர்பாராத வழியில். 240 டி-யில் இருந்த அதே ஓ.எம். 616 இன்ஜினைத்தான் உரிமம் பெற்று பஜாஜ் டெம்போ நிறுவனம் இங்கே தயாரித்தது. டிராக்ஸ் ஜீப்பிலோ டிராவலர் வேனிலோ நெரிசலில் உட்கார்ந்து போனவர்களில் பலர், தங்களை அறியாமலே பென்ஸ் இன்ஜின் இழுத்த வண்டியில் பயணம் செய்தவர்கள். காரோ அரிது. மெர்சிடிஸ் பென்ஸ் இந்தியாவில் கார் தயாரிப்பைத் தொடங்கியது 1995-இல், அதுவும் அடுத்த தலைமுறையான டபிள்யூ 124-ஐக் கொண்டு. ஆகவே இங்குள்ள டபிள்யூ 123-கள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவை.

இவற்றைக் காப்பாற்றுவதில் வயதுதான் சிக்கல். 2021-இல் வந்த மத்திய அரசின் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்தால்தான் ஒரு வண்டி 'விண்டேஜ்' ஆகப் பதிவாகும். 1976-இல் பதிவான கார் 2026-இல்தான் அந்த வயதை எட்டும். 1985-இல் பதிவானது 2035 வரை காத்திருக்க வேண்டும். தலைநகர் தில்லியிலோ பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பத்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நாற்பது ஆண்டுகள் அந்தக் கார் எங்கே போய் ஒளியும்? தில்லியின் காற்றைச் சுவாசிப்பவர்கள் டீசல் புகையை எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. என்றாலும், மாதத்தில் ஓரிரு நாள் வெளியே வரும் நன்கு பராமரித்த ஒரு பழைய காரையும், நாளெல்லாம் புகை கக்கும் லாரியையும் வயதை மட்டும் வைத்து ஒரே தராசில் நிறுத்தலாமா என்பதும் நியாயமான கேள்விதான்.

மீண்டும் அந்த விளம்பரத்துக்கு வருவோம். ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்துக்கு ஒரு 240 டி போய்ச் சேர்ந்திருக்கிறது. டபிள்யூ 123-க்கு முந்தைய தலைமுறை, 1976 மாடல். கிரேக்க டாக்ஸி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சக்கினிடிஸ் 2004-இல் அதை நிறுவனத்திடம் ஒப்படைத்தபோது அது ஓடியிருந்த தூரம் 46 லட்சம் கிலோமீட்டர். பூமத்திய ரேகையை 115 முறை சுற்றுவதற்குச் சமம். தயாரித்தவர்களே தங்கள் பெருமைக்குச் சான்றாக வைத்துக்கொண்டது ஓடி ஓடித் தேய்ந்த காரை.

சந்தை வேறு கணக்குப் போடுகிறது. போடட்டும். பணம் கொடுப்பவர் மட்டும் ஒன்றை மறக்க வேண்டாம். 60,000 என்று எழுதிக் காகிதம் இல்லாத காரைவிட, 2,60,000 ஓடி, ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் ரசீது வைத்திருக்கும் கார் மேல். சாவியை உருவியதும் அது சத்தமில்லாமல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.