பட்டை ரம்பம்

பட்டை ரம்பம் என்பது மின்னோடியால் சுழலும் வளைய வடிவப் பல்பட்டையைக் கொண்டு உலோகம், மரம் முதலியவற்றை அறுக்கும் இயந்திரம் ஆகும். பட்டறைகளில் இது பேண்ட்சா என வழங்கப்படுகிறது. உருக்காலைகளும் பொறியியல் பட்டறைகளும் நிறைந்த திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில், எஃகுத் தண்டுகளையும் குழாய்களையும் வேண்டிய நீளத்திற்குத் துண்டாக்க இவ்வகை இயந்திரங்கள் பயன்படுகின்றன.

வரலாறு

19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் நியூபெரி இதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் பட்டையின் இணைப்பு அடிக்கடி அறுந்ததால் இது பரவலாகவில்லை. 1846 இல் பிரான்சின் ஆன் பாலின் கிரெபின் முனைகளை உறுதியாகப் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே இது நடைமுறைக்கு ஏற்றதாயிற்று.

இயங்கும் முறை

பட்டை இரு சக்கரங்களின் மீது இழுத்துப் பூட்டப்பட்டு ஒரே திசையில் ஓடுகிறது. ஆக்சா ரம்பத்தைப் போல் முன்னும் பின்னும் செல்லாததால் வெட்டு இடைவிடாது நிகழ்கிறது. பட்டை மெல்லியது ஆதலால் வெட்டில் வீணாகும் உலோகம் குறைவு. எரிவாயு வெட்டைப் போல் விளிம்பு வெப்பத்தால் தன்மை மாறுவதும் இல்லை.

உலோகம் அறுக்கும் பட்டைகள் பல ஈருலோக வகையின. அவற்றில் பல் முனைகள் உயர்வேக எஃகாலும், முதுகு வளைந்துகொடுக்கும் எஃகாலும் ஆனவை.

பல் தேர்வு

எந்நேரமும் குறைந்தது மூன்று பற்களேனும் பொருளில் பதிந்திருக்க வேண்டும். இல்லையெனில் விளிம்பில் சிக்கிப் பற்கள் உதிரும். எனவே மெல்லிய குழாய்க்கு நெருக்கமான பற்களும், பருத்த தண்டிற்கு அகன்ற பற்களும் ஏற்றவை. துருப்பிடிக்கா எஃகை அறுக்கும்போது வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைச் சீராக வைக்க வேண்டும். பற்கள் வெட்டாமல் உராய்ந்தால் அதன் மேற்பரப்பு மேலும் கடினமாகிவிடும். எண்ணெய் கலந்த நீர் பட்டையைக் குளிர்விக்கிறது. வார்ப்பிரும்பு பொதுவாக உலர்நிலையிலேயே அறுக்கப்படுகிறது.

பாதுகாப்பு

அறுக்கும் இடம் தவிர்த்துப் பட்டை முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்குத் தடுப்பு அமைப்பதை 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 21 ஆம் பிரிவில் கட்டாயமாக்கியது. ஓடும் பட்டையின் அருகே கையுறை அணிதல் தவறு. பல்லில் நூல் சிக்கினால் கையும் உள்ளே இழுக்கப்படும். உலோகச் சீவல்களை இயந்திரம் நின்ற பின் தூரிகையாலேயே அகற்ற வேண்டும். பட்டையை மாற்றும் முன் மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுதல் இன்றியமையாதது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் ஒடிசா, பீகார் முதலிய மாநிலத் தொழிலாளர்களும் பணியாற்றுகின்றனர். ஆகவே எச்சரிக்கைகள் தமிழுடன் அவர்கள் அறிந்த மொழிகளிலும் படங்களாகவும் இருப்பது விபத்தைத் தவிர்க்க உதவும்.