ஃபிளைவீல் பூட்டுதல்

ஃபிளைவீல் பூட்டுதல் என்பது, எஞ்சினின் கிராங்க் தண்டுடன் ஃபிளைவீலை (சமன்சக்கரம்) இணைக்கும் போல்ட்டுகளை முறுக்கும்போது, எஞ்சினும் சேர்ந்து சுழலாதவாறு தடுத்து நிறுத்தும் பணிமுறை ஆகும். பேருந்து, லாரி பட்டறைகளில் இது வழக்கமான வேலை.

விழுப்புரம் வட்டாரத்தில்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 40 கி.மீ. இடைவெளியில் திண்டிவனமும் விழுப்புரமும் அமைந்துள்ளன. புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் செல்லும் சாலைகள் திண்டிவனத்தில் பிரிகின்றன. 1975இல் தொடங்கப்பட்ட தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1997இல் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டமாகப் பெயர் மாற்றம் பெற்றது. அடிக்கடி நின்று புறப்படும் பேருந்துகளில் கிளட்ச் தட்டு விரைவில் தேய்கிறது. அதை மாற்றும்போது ஃபிளைவீலின் முகப்பில் வெப்ப வெடிப்போ, கிராங்க் தண்டின் பின்புற ஆயில் சீலில் கசிவோ காணப்பட்டால் ஃபிளைவீலையும் கழற்றிப் பூட்ட வேண்டும்.

தடுப்பின் தேவை

கியரில் போட்டு பிரேக்கை அழுத்தினால் எஞ்சின் நிற்கும் என்பது முன்பக்கக் கப்பி போல்ட்டுக்குப் பொருந்தும்; இங்கே பொருந்தாது. ஃபிளைவீல் போல்ட்டுகள் கண்ணுக்குத் தெரியும் நிலையில் கியர் பெட்டியும் கிளட்ச்சும் ஏற்கெனவே இறக்கப்பட்டிருக்கும்.

ஒரு போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர் முறுக்கு எனக் கொண்டால், அரை மீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 240 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 24 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும். போல்ட் தண்டின் மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி இருந்தால், கைப்பிடி வெளிநோக்கி நீளும்போது எஞ்சினைச் சுழற்றும் முறுக்கு 132 ஆகும். மையத்தைக் கடந்து எதிர்ப்பக்கம் நீளும்போது 108 மட்டுமே. இரண்டு நிலையிலும் போல்ட் பெறுவது அதே 120 தான்.

முறைகள்

பட்டறைக்கு எளிதானது ஆங்கிள் இரும்புத் துண்டு. அதன் ஒரு முனை பிரஷர் பிளேட் போல்ட் துளைகள் இரண்டில் பொருத்தப்படுகிறது. மறுமுனை ஃபிளைவீல் ஹவுசிங்கில் முறுக்கிய உறுதியான போல்ட்டில் முட்டி நிற்கிறது. பின்னாலிருந்து பார்க்கும்போது இறுக்குவது வலஞ்சுழியாக என்பதால் முட்டும் இடம் அந்தத் திசையில் அமைய வேண்டும். கழற்றும்போது துண்டை மறுபக்கம் மாற்ற வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரின் வாய்வழியே ரிங் கியரின் பல பற்களைக் கவ்வும் பூட்டுக் கருவியும் உண்டு.

ஸ்குரூடிரைவரைப் பல்லில் செருகுவது தவறான வழக்கம். 20 செ.மீ. ஆரமுள்ள ரிங் கியரில் மேற்சொன்ன 132 முறுக்கு 660 நியூட்டன் விசையாக ஓரிரு பற்களின் மீது இறங்குகிறது. பல் உடைந்தால் அந்த இடத்தில் ஸ்டார்ட்டர் பிடிக்காது. டைமிங் ஊசியும் தடுப்பு ஆகாது. அது நிலையைக் குறிப்பதற்கானது, சுமை தாங்குவதற்கானது அன்று.

இறுக்குதல்

பெரும்பாலான அமைப்புகளில் எஞ்சினின் முறுக்கை ஃபிளைவீலுக்குக் கடத்துவது, போல்ட்டுகள் அழுத்திப் பிடிப்பதால் உண்டாகும் உராய்வே. அழுத்தம் குறைந்தால் ஃபிளைவீல் நுண்ணளவு அசைந்து, நாளடைவில் போல்ட்டுகள் வெட்டுப்படும். எனவே டார்க் ரெஞ்ச் கொண்டு எதிரெதிர் வரிசையில், இரண்டு மூன்று படிகளாக, தயாரிப்பாளர் தந்த அளவுக்கு இறுக்கப்படுகிறது. கோண அளவில் இறுக்கப்படும் போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் ஒருமுறைப் பயன்பாட்டுக்கு என்று குறித்திருந்தால், பழையவற்றை மீண்டும் போடக்கூடாது. துளை எண்ணெய் அறை வரை ஊடுருவும் எஞ்சின்களில் மரையில் கசிவுத்தடுப்புப் பசை இடப்படுகிறது.

வேலை தொடங்கும் முன் பேட்டரி இணைப்பு நீக்கப்பட வேண்டும். கியர் பெட்டியை ஏற்றுவதற்கு முன் தடுப்பை எடுத்தாயிற்றா என்பதும் பார்க்கப்பட வேண்டும். அது உள்ளேயே இருக்க ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் ரிங் கியரோ ஹவுசிங்கோ உடையலாம்.