எலும்புத் தேய்மானம், மறதி நோய்... ராமேஸ்வரம் கடல்பாசியில் மருந்து இருக்கா?

ராமநாதபுரம் மாவட்டம் பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் கட்டக்கோரைப் பாசி, ஆல்ஜினேட் தயாரிக்க ஆலைகளுக்குப் போகிறது. இது பழுப்புப் பாசி வகை. முதுமையில் வரும் மூளை, எலும்பு நோய்களுக்கு மருந்து தேடும் விஞ்ஞானிகளும் இப்போது கடல்பாசியைக் கவனிக்கிறார்கள். ஏன்?

மூளைக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்?

மூளையில் குப்பை அள்ளுபவை மைக்ரோகிளியா செல்கள். பழைய எலும்பை அரித்து எடுப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள். ரெண்டுமே நோய் எதிர்ப்பு செல் குடும்பத்தைச் சேர்ந்தவை. 'டிரெம்2' மரபணு பழுதானால் சிலருக்கு எலும்பு முறிவும், நடுவயதிலேயே மறதி நோயும் சேர்ந்து வருகின்றன. இதன் பெயர் நாசு-ஹக்கோலா நோய்.

வயசானா என்ன ஆகுது?

செல்கள் சர்க்கரையை எரித்துத்தான் சக்தி எடுக்கின்றன. வயதான நோய் எதிர்ப்பு செல்கள் அதை எரிக்காமல் சேமித்து வைப்பதை 2021ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. சக்தி குறைந்த செல், குப்பையை அள்ளாமல் அழற்சியைக் கிளப்பும். இதற்குக் காரணமான சிக்னலைத் தடுத்ததும் வயதான எலிகளின் நினைவாற்றல் மேம்பட்டது. எலும்பிலும் இதே கதைதான்: அழற்சி கூடினால், புது எலும்பு உருவாவதைவிட அரிப்பு வேகமாக நடக்கும்.

பாசி எங்கே வருது?

மண்டபத்தில் மையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், மூட்டுவலிக்கும் எலும்புத் தேய்மானத்துக்கும் கடல்பாசிச் சாற்றில் இருந்து துணை உணவுகளை உருவாக்கியுள்ளது. சீனாவில் பழுப்புப் பாசியில் இருந்து எடுத்த 'ஒலிகோமன்னேட்', அல்சைமர் மருந்தாக 2019ல் நிபந்தனையுடன் அனுமதி பெற்றது. குடல் நுண்ணுயிர்கள் வழியாக மூளை அழற்சியைக் குறைக்கும் என்றார்கள். ஆனால் பல நாடுகளில் நடந்த பரிசோதனை 2022ல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

அப்போ பாசியைச் சாப்பிடலாமா?

நோன்பு நேரத்தில் செய்யும் கடல்பாசி இனிப்பு உணவுதான், மருந்து இல்லை. அது வேறு பாசியில் இருந்து வருவது. கரையில் கிடைக்கும் பழுப்புப் பாசியைக் காய்ச்சிக் குடிப்பதும் சரியல்ல. அதில் அயோடின் அதிகம் இருக்கலாம், தைராய்டு பிரச்சினை உள்ளவர்களுக்கு ஆபத்து. ஆய்வகத்தில் பிரித்தெடுத்த சாறும் பச்சைப் பாசியும் ஒன்றல்ல.

வீட்டுப் பெரியவர்களுக்கு மறதி கூடினாலோ, முதுகு கூனினாலோ, லேசாக விழுந்ததுக்கே எலும்பு முறிந்தாலோ 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீங்க. முதலில் டாக்டரைப் பாருங்க.