எதிரி விட்டுச்சென்ற தோட்டம்

1683 செப்டம்பர் 12. வியன்னாவை முற்றுகையிட்டிருந்த துருக்கிப் படை சிதறி ஓடியது. வென்றவர்களில் முதல்வரான போலந்து மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கி, துருக்கித் தளபதி காரா முஸ்தபாவின் கூடாரத்திலேயே தங்கி மனைவிக்குக் கடிதம் எழுதினார். அதில் போரைவிடக் கூடார வர்ணனைதான் சுவை. குளியல் இடங்கள், நீரூற்றுகள், சிறு தோட்டங்கள், முயல்கள், பூனைகள். ஒரு கிளியும் இருந்ததாம், பறந்துபோய்விட்டதாம். சண்டைக்கு வந்தவர் தோட்டத்தையும் கூடவே கொண்டுவந்திருக்கிறார்!

போலந்துக்காரர்களுக்குத் துருக்கி கதையில் கேட்ட ஊர் அல்ல. எல்லைக்கு அப்பால் இருந்த பகைவீடு. பகைத்துக்கொண்டே ரசித்தார்கள். பிரபுக்கள் கீழைநாட்டுப் பாணியில் நீண்ட அங்கி அணிந்து, இடையில் பட்டுக்கச்சை கட்டினார்கள். போரில் பிடித்த கூடாரங்கள் பிறகு விருந்துப் பந்தல்களாயின. கிராக்கோவின் வாவெல் கோட்டையில் அத்தகைய கூடாரங்களை இன்றும் பார்க்கலாம். செடிகளும் வந்தன. துலிப் மலரின் பெயரே தலைப்பாகைத் துணியைக் குறிக்கும் துருக்கிச் சொல்லிலிருந்து பிறந்தது. மே மாதத்தில் போலந்தை மணக்கச் செய்யும் லைலாக் பூவுக்கு அங்கே 'துருக்கி பெஸ்' என்றும் பெயர் உண்டு.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் போலந்து அரியணையை இழந்த ஸ்தனிஸ்வாவ் லெஷ்சின்ஸ்கி. துருக்கியரின் ஆட்சியில் இருந்த பெண்டேர் நகரில் சிலகாலம் இருந்தார். பிறகு ஜெர்மனியின் ட்ஸ்வைப்ரூக்கனில் அடைக்கலம் கிடைத்தபோது, அங்கே எழுப்பிய கோடைமாளிகைக்குச் 'சிஃப்லிக்' என்று பெயர் வைத்தார். துருக்கி மொழியில் அதற்குப் பண்ணை என்று பொருள். 1737இல் லொரேன் பகுதியின் ஆட்சி கைக்கு வந்ததும், லுனெவில் அரண்மனைத் தோட்டத்தில் கட்டடக்கலைஞர் எமானுவல் எரேயைக் கொண்டு துருக்கிப் பாணியில் ஒரு மண்டபம் கட்டினார். பெயர் 'கியோஸ்க்'. அவருடைய மருமகன் பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயி. ஆகவே அந்த மண்டபம் பேசப்படாமல் இருக்குமா?

வேடிக்கை இனிமேல்தான். எல்லையில் இருந்த துருக்கி, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் வழியாகச் சுற்றிக்கொண்டு போலந்துக்குள் வந்தது. 1761இல் லண்டன் கியூ தோட்டத்தில் வில்லியம் சேம்பர்ஸ் ஒரு மசூதியைக் கட்ட, அத்தகைய அலங்காரங்கள் ஐரோப்பாவெங்கும் மோஸ்தராயின. வார்சாவில் மன்னர் ஸ்தனிஸ்வாவ் அகுஸ்தின் அண்ணன் கசிமியெஷ் பொனியதொவ்ஸ்கியின் தோட்டத்தில், ஷிமோன் பொகுமில் ட்ஸூக் என்ற கலைஞர் ஒரு மினாராவையும் 'இமாம் வீட்டையும்' அமைத்தார். பாங்கொலி கேட்காத மினாரா! என் கணக்கில் இது வெறும் மேடை அலங்காரம். சோபியெஸ்கி பார்த்த கூடாரத்தில் இருந்த உயிர் இதில் இல்லை.

மன்னர் ஸ்தனிஸ்வாவ் அகுஸ்த் மட்டும் சற்று மெனக்கெட்டார். அவருடைய கலைஞர் காம்செட்சர் 1776-77இல் இஸ்தான்புல் சென்று நேரில் பார்த்து வரைந்து வந்தார். மன்னரின் வாஜியென்கி பூங்காவிலும் ஒரு 'துருக்கி வீடு' எழுந்தது. அது இப்போது இல்லை.

சொல் மட்டும் தங்கிவிட்டது. இன்று வார்சாவில் கியோஸ்க் எங்கே என்று கேட்டால், செய்தித்தாளும் டிராம் டிக்கெட்டும் விற்கும் பெட்டிக்கடையைக் காட்டுவார்கள்.