பள்ளி மேடைக்கு எந்த நகை?

ஆண்டு விழா அறிவிப்பு பள்ளியிலிருந்து வந்த அன்றே, சித்தூர், திருப்பதிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். பெண் மேடையேறி ஆடப் போகிறாள்; பாட்டு முடிவாகிவிட்டது; டீச்சர் சொன்ன நிறத்தில் பட்டும் கிடைத்துவிட்டது; நகைக்கு என்ன செய்வது? 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும் இந்தக் கேள்வி மட்டும் இரண்டு மாவட்டங்களுக்கும் பொதுவாகவே இருந்து வருகிறது.

எங்கள் தெருவில் ஒரு தாயார் தம் நாத்தனாரின் ஐந்து பவுன் ஆரத்தை இரவல் வாங்கி மகளுக்குப் போட இருந்தார். "மத்த பொண்ணுங்க எல்லாம் போட்டுக்கிட்டு வரும்போது நம்ம பொண்ணு மட்டும் வெறுங்கழுத்தோட நின்னா நல்லாவா இருக்கும், சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். ஐந்து பவுன் என்றால் 40 கிராம். இருபது முப்பது பிள்ளைகள் உடை மாற்றும் வகுப்பறையில் அது தவறிப்போனால் நகை மட்டுமா போகும்? அண்ணன் தங்கை உறவும் சேர்ந்து போகும்.

நகையைப் பற்றி ரயில்வேக்காரனுக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஓடுகிற வண்டியில் எது தளரும், எது தேயும், எது கழன்று விழும் என்று பார்த்துக்கொண்டிருந்ததுதான் என் உத்தியோகம். ஆடுகிற பெண்ணின் உடம்பில் இருக்கும் நகையும் ஓடுகிற வண்டியின் பாகத்தைப் போன்றதுதான். கல்யாணத்துக்குப் போடும் நகை உட்கார்ந்திருப்பவருக்காகச் செய்யப்பட்டது. நாட்டிய நகை ஓயாமல் அதிர்வு தாங்க வேண்டியது. 22 காரட் தங்கம் மிருதுவானது; அதன் மெல்லிய கொக்கியும் வளையமும் நாலு முறை வேகமாக இழுபட்டாலே வாய் திறந்துகொள்ளும்.

முதலில் என்ன நடனம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் பகுதியில் பரதமும் குச்சிப்புடியும் அடுத்தடுத்த தெருக்களில் கற்பிக்கப்படுகின்றன. திருப்பதியில் தேவஸ்தானத்தின் இசை நடனக் கல்லூரியிலும் இவ்விரண்டும் உண்டு. பரதத்துக்கு இன்று நாம் அணிவிக்கும் சிவப்புக்கல் நகைத் தொகுதியைக் 'கோயில் நகை' என்பார்கள். தெய்வத் திருமேனிக்குச் சாத்தும் ஆபரணங்களின் சாயலில் அமைந்தது அது. ருக்மிணி தேவி அருண்டேல் 1935-ல் அடையாற்றில் மேடையேறி, மறு ஆண்டு கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். கோயில் சிற்பங்களைப் பார்த்து மேடைக்கான உடையையும் அணிகளையும் ஒழுங்குபடுத்தியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அசலான கோயில் நகை நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் இன்றும் கையால் செய்யப்படுகிறது. வெள்ளியில் கெம்புக்கல் பதித்துத் தங்கத் தகடு இழைப்பார்கள். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் விலை அதிகம். அரங்கேற்றம் வரை போகும் பெண்ணுக்கு வாங்கலாம். ஐந்து நிமிடப் பள்ளி நடனத்துக்கு அவசியமில்லை.

குச்சிப்புடிக்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். பழைய நாளில் அவர்கள் ஆபரணங்களைப் 'பூருகு' என்ற இலேசான மரத்தில் செய்துகொண்டார்கள். நம் ஊர் இலவ மரம்தான் அது. ஆண்களே பெண் வேடமிட்டு விடிய விடிய ஆட வேண்டியிருந்ததால், கனம் குறைந்தால் போதும் என்று கண்டுபிடித்தார்கள். பாமா கலாபத்தில் சத்தியபாமையின் நீண்ட ஜடைக்குத் தனி மதிப்பே உண்டு. ஆகவே குச்சிப்புடி ஆடுகிற பெண்ணுக்குக் கழுத்தை நிறைப்பதைவிட ஜடையை நன்றாக அமைப்பதுதான் முக்கியம்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்டிக் கொடுக்க ஓர் இடமும் இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் 1513-ல் திருமலைக்கு வந்து பெருமாளுக்கு ரத்தினக் கிரீடம் சமர்ப்பித்தவர். அவரும் திருமலாதேவி, சின்னாதேவி என்ற இரு தேவியரும் கைகூப்பி நிற்கும் உலோகச் சிலைகள் கோயில் நுழைவாயிலை அடுத்த மண்டபத்தில் உள்ளன. கூட்டத்தில் தள்ளிக்கொண்டே போகாமல் அரை நிமிடம் கிடைத்தால், அந்த அரசியரின் அணிகளைப் பெண்ணுக்குக் காட்டுங்கள்.

இனி ஒவ்வொன்றாக. தலையில் வைப்பதை நாட்டியக்காரர்கள் 'தலைசாமான்' என்பார்கள். வகிட்டில் நெற்றிச்சுட்டி, வலப்புறம் சூரியன், இடப்புறம் சந்திரன், பின்னால் ராக்கொடி, ஜடை நுனியில் குஞ்சலம். இவை ஊசியால் மட்டும் நிற்கா. கறுப்பு நூலால் முடியோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். புதிதாய் எண்ணெய் தேய்த்த தலையில் ஊசி வழுக்கும். முதல் நாளே குளிப்பாட்டி விடுங்கள்.

காதுதான் கவனிக்க வேண்டிய இடம். ஒரு கணக்குச் சொல்கிறேன். ஜிமிக்கி தொங்கும் இடம் உடம்பின் நடு அச்சிலிருந்து சுமார் 8 செ.மீ. தள்ளி இருக்கிறது. பெண் நொடிக்கு ஒரு சுற்றுச் சுற்றினால் ஜிமிக்கி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விசையோடு வெளிப்பக்கம் இழுக்கும். நொடிக்கு இரண்டு சுற்று என்றால் விசையும் இரண்டு மடங்கு என்று நினைக்காதீர்கள், நான்கு மடங்கு. அதாவது தன் எடையைவிட அதிகம். தட்டிக் குதிக்கும்போது ஏற்படும் அதிர்ச்சி வேறு. இவ்வளவும் பிள்ளையின் காது மடலில் ஒரு சிறு துளையில் இறங்குகிறது. இதற்கு நம் முன்னோர் கண்ட வழிதான் மாட்டல். ஜிமிக்கியிலிருந்து காதுக்கு மேலே முடியில் போய் மாட்டும் அந்தச் சங்கிலியைப் பலர் வெறும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். மின்சார ரயில் பாதையில் வண்டி தொடும் கம்பியை மேலே இன்னொரு கம்பி தாங்கிப் பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே வேலைதான். மாட்டல் தளர்வாகத் தொங்கினால் பயனில்லை. ஜிமிக்கியின் கனத்தை அது ஏந்திக்கொள்ளும் அளவுக்கு இழுத்து மாட்ட வேண்டும்.

மூக்குத்தி, நத்து, புல்லாக்கு மூன்றுக்கும் அழுத்தி மாட்டும் வகை கிடைக்கிறது. ஒரு மாலை நேரத்துக்காகக் குழந்தைக்கு மூக்குக் குத்தும் யோசனையைக் கைவிடுங்கள்.

கழுத்துக்கு ஒட்டிய அட்டிகை ஒன்று, நீண்ட மாலை ஒன்று. அதற்குமேல் வேண்டாம். கொக்கியைவிடக் கயிற்று முடிச்சு நல்லது. நீண்ட மாலை முன்னால் ஆடி முகத்தில் அடிக்காமல் இருக்க, அதன் நடுப்பதக்கத்தை மேலாக்கோடு ஒரு தையல் போட்டுவிடுங்கள். ஒட்டியாணத்தை நிற்கும்போது அளவு பார்த்துக் கட்டுவது பலர் செய்யும் தவறு. பெண்ணை அரைமண்டியில் இருத்தி, மூச்சை நன்றாக இழுக்கச் சொல்லி அப்போது கட்ட வேண்டும். வங்கியும் அப்படித்தான், கையை மடக்கிப் பாருங்கள்.

கவரிங் போதுமா என்றால், தாராளமாகப் போதும். நமக்குச் சிதம்பரம் கவரிங் என்றால், ஆந்திரத்தில் மசூலிப்பட்டினத்தை அடுத்த சிலகலபூடி நகைக்கு அவ்வளவு பெயர். பத்தாவது வரிசையில் இருப்பவர் கண்ணுக்கு இரண்டும் பொன்தான். மேடை விளக்கில் வெள்ளைக்கல் கண்ணைக் கூசும். சிவப்பும் பொன்னும்தான் தூரத்துக்கு எடுக்கும். கவரிங்கில் ஓர் எச்சரிக்கை: அடி உலோகத்தில் நிக்கல் கலந்திருந்தால் சிலருக்குக் காது அரித்துப் புண்ணாகும். ஐரோப்பிய நாடுகள் 1994-லேயே இதற்குச் சட்டம் போட்டன. ஆகவே காதில் நுழையும் தண்டு மட்டும் வீட்டிலுள்ள தங்கமோ வெள்ளியோ ஆக இருக்கட்டும். ஜிமிக்கியை அதில் மாட்டிக்கொள்ளலாம்.

வாடகைக்கு எடுப்பவர்கள் விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே எடுத்துவிடுங்கள். ஒரு நாள் வாடகை கூடினாலும் பாதகமில்லை. எல்லாவற்றையும் அணிவித்து, பாட்டைப் போட்டு, முழு நடனத்தையும் வீட்டுக் கூடத்தில் ஆடச் சொல்லுங்கள். எது கழல்கிறது, எது குத்துகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். பெண்ணின் கை தன்னையறியாமல் எந்த நகையைத் தொட்டுப் பார்க்கிறதோ அதை எடுத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. நகைமேல் நினைவு போனால் தாளம் போய்விடும்.

ஆடி முடித்ததும் வியர்வையை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து வையுங்கள். தண்ணீரில் கழுவினால் பசையில் பதித்த கல் உதிரும். வாடகை நகையைத் திருப்பும்போது கடைக்காரர் முதலில் தேடுவது சிறு திருகுகளைத்தான். அவற்றை ஒரு தீப்பெட்டியில் தனியாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.